கீழ்த்தோட்டம் இன்னும் பழுக்கவில்லை

பிப்ரவரி 16

மழை இல்லை. கடல் காற்று உண்டு. இந்த ஊரில் அது எப்போது இல்லை.

மழையும் குளிரும் மட்டும் இந்த நோட்டில் எழுத வேண்டும் என்பது இவர் உத்தரவு. பக்கத்துத் தோட்டத்து ப்ரெண்டா வருடக்கணக்காக அப்படித்தான் எழுதுகிறாளாம். சரி, எழுதிவிட்டேன். மிச்சப் பக்கத்தில் என் வயிற்றெரிச்சலை எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள். இவர் தமிழ் வாசித்து ஒரு மாமாங்கம் ஆகிறது.

சங்கரன்கோவிலில் பிறந்த உலகம்மை, பூமியின் தென்கோடியில் ஒரு தீவில் வந்து திராட்சைக்கு வலை கட்டிக்கொண்டிருக்கிறாள் என்றால் காரணம் இவர்தான். மெல்பர்னில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நன்றாகத்தான் சம்பாதித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதில் நெஞ்சு லேசாக வலித்தது. டாக்டர், மனசை இலகுவாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வேறு மனிதர்களாக இருந்தால் நாய் வளர்ப்பார்கள். இவர் வீட்டை விற்று, டாஸ்மேனியாக் கடற்கரையில் திராட்சைத் தோட்டம் வாங்கினார். ஊருக்குப் போன் போட்டுச் சொன்னபோது என் தம்பி, "டாஸ்மாக்காக்கா?" என்று கேட்டான். டாஸ்மேனியாடா என்றேன். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றான். அப்போது கோபம் வந்தது. மூன்று வருடம் கழித்து யோசித்தால் அவன் கேட்டதில் தப்பில்லை.

இதுவரை பழத்தை அப்படியே ப்ரெண்டாவுக்கு விற்றுவிடுவோம். இந்த வருடம் சொந்தமாக ஒயின் போடப் போகிறார். பொங்கலன்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். ஒயின் நன்றாக வந்தால் சாகிற வரைக்கும் இங்கேதான். சொதப்பினால் எல்லாவற்றையும் விற்றுவிட்டு மெல்பர்ன். அங்கே கறிவேப்பிலை கிடைக்கும், பேச ஆள் கிடைக்கும், கை விறைக்காமல் பாத்திரம் கழுவலாம். கோமதியம்மனிடம் பேராசைப்படாமல் ஒரே ஒரு ஆலங்கட்டி மழை கேட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 19

வலைக்குள் ஸ்டார்லிங் குருவிகள் புகுந்துவிட்டன. ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்துத் தைப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. மேல்தோட்டத்தில் ஐந்து வரிசை நடந்து பார்த்தேன். குருவி தின்றால் எனக்கு லாபம்தானே, ஏன் தைத்தேன் என்று சாப்பிடும்போதுதான் தோன்றியது. நடைப்பயிற்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 27

மழை: தூறல்.

மதினி வந்து இறங்கிவிட்டார்கள். ஆவுடையம்மாள், இவருடைய அக்கா. ஆறு வாரம் இருப்பார்கள். விமான நிலையத்தில் மோப்ப நாய் ஒன்று அவர்கள் பை முன்னால் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்துவிட்டது. மாவடு, மோர் மிளகாய், வேப்பிலை எல்லாவற்றையும் எடுத்துக் குப்பையில் போட்டார்கள். சாம்பிராணிப் பொட்டலத்தை மட்டும் முகர்ந்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்களாம். கிறிஸ்தவ தேசமாகத்தான் இருக்கும் என்று மதினி சொன்னார்கள்.

நாங்கள் செய்வது ஜூஸ் என்றுதான் ஊரில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறோம். கொட்டகையைக் காட்டும்போது நான் ஜூஸ், ஜூஸ் என்று மூன்று தடவை சொன்னேன். மதினி தொட்டிகளைப் பார்த்தார்கள், மரப் பீப்பாய்களைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"ஏட்டி உலகு, ஜூஸுக்கு எதுக்குட்டி பீப்பா? எங்க மாமனாரு கள்ளுக்கடை ஏலம் எடுத்தவரு. எங்கிட்டயே கத விடுதியே."

பிறகு அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பூஜை போட்டாச்சா. இல்லை என்றேன். சாராயம் காய்ச்சுவதுகூட அவர்களுக்குப் பரவாயில்லை, பூஜை போடாமல் காய்ச்சுவதைத்தான் தாங்க முடியவில்லை.

மார்ச் 4

காலையில் கடல்மூடுபனி. பத்து மணிக்குத்தான் விலகியது.

இங்கே பழம் ஏன் இவ்வளவு மெதுவாகப் பழுக்கிறது என்று மதினி கேட்டார்கள். ஊரில் என்றால் இந்நேரம் வெடித்திருக்கும் என்றார்கள். அதான் விஷயம் என்று ஆரம்பித்தேன். வெயிலில் அவசரமாகப் பழுத்தால் வெறும் இனிப்புதான் மிஞ்சும். இங்கே கடல், பகல் சூட்டை ஏறவிடாது, ராத்திரிக் குளிரைக் கொல்லவிடாது. பழம் புளிப்பை விடாமல் பிடித்துக்கொண்டே மெல்லக் கனியும். மேல்தோட்டம் மேட்டில் இருப்பதால் முந்தும், கீழ்த்தோட்டத்தில் பனி தங்குவதால் மூன்று வாரம் பிந்தும், ஆனால் வாசனை அதில்தான் அதிகம். கைப்பிடித்து ஒவ்வொரு வரிசையாகக் காட்டினேன். பேசி முடிக்கும்போது மதினி ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதற்கு இவ்வளவு பேசினேன் என்று தெரியவில்லை. மூன்று வருடமாகக் காதில் விழுந்தது வாய் வழியே வந்திருக்கும்.

சாயங்காலம் ப்ரெண்டா வந்தாள். ஒரு வருடம் காட்டுத்தீ வந்து அவளுடைய அறுவடையே போன கதையைச் சொன்னாள். தீ அவள் தோட்டத்தைத் தொடவே இல்லை, புகை மட்டும்தான் வந்தது. திராட்சைக்குப் புகை ஆகவே ஆகாதாம், தோலில் ஏறினால் கழுவினாலும் போகாதாம், ஒயின் முழுக்கச் சாம்பல் ருசியாகிவிடுமாம். பக்கத்தில் இவர் பம்பைக் கழற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காதில் விழுந்ததோ என்னவோ.

மார்ச் 9

இவர் பம்புக்கு வாஷர் வாங்க ஹோபார்ட் டவுனுக்குப் போனார். வாஷர் வாங்க இஸ்திரி போட்ட சட்டை எதற்கு என்று கேட்டேன். அழுக்குச் சட்டையோடு போனால் கடைக்காரன் மதிக்க மாட்டான் என்றார். சாயங்காலம் முடி வெட்டிக்கொண்டு திரும்பி வந்தார். வாஷர் வரவில்லை.

மார்ச் 13

இவருக்கு இடுப்பு வலி. வெந்நீர்ப் பையோடு படுத்திருக்கிறார். காலையில் பழம் ருசி பார்க்கிற வேலை இப்போது என் தலையில். ஒவ்வொரு வரிசையிலும் நாலு பழம் பிய்த்து, கொட்டையைக் கடித்து, தோலை மென்று, துப்ப வேண்டும். மேல்தோட்டம் இன்னும் ஒரு வாரம். கொட்டை கடிக்கும்போது சத்தம் வருகிறது, ஆனால் நுனியில் இன்னும் கசப்பு. கீழ்த்தோட்டம் பச்சைக் குழந்தை.

சுற்றுலா வந்த ஒரு வெள்ளைக்காரன் வலையைத் தூக்கிக் குலையைத் தொட்டான். நான் கத்திய கத்தில் அவன் காருக்கே ஓடிவிட்டான். ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன், எதில் முடித்தேன் என்று நினைவில்லை.

மார்ச் 16

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று இவர் போனில் வெகுநேரம் பேசினார். யார் என்று கேட்டால், சும்மா பழைய ஆபீஸ் ஆள் என்றார். சும்மா பேசுகிறவர் ஏன் தொட்டிக்குப் பின்னால் போக வேண்டும். தோட்டம் வாங்கியதைப் பெருமையடித்துக்கொள்கிறார் போலிருக்கிறது, கேட்க ஆள் வேண்டுமே.

மார்ச் 20

மழை இல்லை. காற்று அதிகம். வேறு எழுத வேண்டியிருக்கிறது.

மேல்தோட்டம் இன்று அறுத்தோம். ப்ரெண்டாவின் ஆட்களும் வந்தார்கள். காம்பு நீக்கி, லேசாக நசுக்கி, கொட்டகையில் திறந்த தொட்டிகளில் நிரப்பினோம். எல்லோரும் போனபிறகு மதினி குளித்து, கண்டாங்கிச் சேலைக்கு மேல் இவருடைய ஜெர்கினைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். பிள்ளையார் படம், வாழைப்பழம், தேங்காய்க்குப் பதில் ஒரு தர்பூசணி. காற்றில் விளக்கு அணைந்து அணைந்து போனது. கொட்டகைக் கதவைச் சாத்தச் சொன்னார்கள். சாத்தினேன். ஜன்னலையும் என்றார்கள். அதையும் சாத்தினேன்.

பிறகு ஓர் இரும்புச் சட்டியில் அடுப்புக்கரித் துண்டுகளைப் போட்டார்கள். சாம்பிராணிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

ப்ரெண்டா சொன்னது எனக்கு நினைவிருந்தது. மறந்துவிட்டேன் என்று இந்த நோட்டிலாவது பொய் எழுத வேண்டாம். வாய் வரைக்கும் வந்தது. அப்போது மதினி தீப்பெட்டி எங்கே என்று கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன்.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல சாம்பிராணி. எதிரே நிற்கிற பீப்பாய் தெரியவில்லை. மதினி ஒவ்வொரு தொட்டிக்கும் மூன்று சுற்று காட்டினார்கள். கண் எரிந்தது. மெல்பர்ன், மெல்பர்ன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன்.

மார்ச் 21

தலைவலி. யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

மார்ச் 24

தொட்டிகள் நுரைக்க ஆரம்பித்துவிட்டன. தோல் எல்லாம் மேலே மிதந்து வந்து மூடிக்கொள்ளும், ஒரு நாளில் மூன்று தடவை அதை நீண்ட கட்டையால் உள்ளே அமுக்க வேண்டும். இவருக்கு இடுப்பு வலி என்பதால் நான்தான் அமுக்குகிறேன். அமுக்கும்போதெல்லாம் கோவில் வாசனை வருகிறது. பழத்தைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. குருவியிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் காப்பாற்றிக் கொண்டுவந்து, கடைசியில் நானே கழுத்தைப் பிடித்த மாதிரி.

மார்ச் 30

ப்ரெண்டா வந்து ருசி பார்த்தாள். முகம் மாறியது. அடுத்த தொட்டி. அதற்கடுத்ததும். தேவாலயத்தின் சுவரை நக்கியது போல இருக்கிறது என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவளுக்கே அழுகை வருகிற மாதிரிதான் இருந்தது. யாரும் வாங்க மாட்டார்கள், கொட்டிவிட வேண்டியதுதான் என்றாள். இங்கே என்ன கொளுத்தினீர்கள் என்று கேட்டதற்கு இவர் தொட்டி விளிம்பைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

மதினிக்கு இங்கிலீஷ் புரியாது. அவள் என்னட்டி சொல்லுதா என்று கேட்டார்கள். கோவில் மாதிரி இருக்காம் மதினி என்றேன். "பாத்தியா" என்று சொல்லி அவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

மார்ச் 31

இவர் கத்துவார், அழுவார், ஒரு வாரம் சாப்பிட மாட்டார் என்று எதிர்பார்த்தேன். நெஞ்சு வலி வந்துவிடுமோ என்று மாத்திரையை மேசைமேல் எடுத்து வைத்திருந்தேன். மனிதர் இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டுவிட்டு, சரி, பேசினபடி விற்றுவிடலாம் என்றார்.

இவ்வளவுதான். மூன்று வருடக் கனவு, இரண்டு தோசை நேரத்தில் முடிந்தது. நான் நினைத்தது நடந்துவிட்டது. ராத்திரி படுத்தால் சந்தோஷம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அசதியாக இருக்கும்.

ஏப்ரல் 3

வீட்டுத் தரகர் வந்தார். பளபளவென்று ஷூ. கடல் தெரிகிற பக்கம் நின்று போட்டோ எடுத்தார். கீழ்த்தோட்டத்தைக் காட்டி, வாங்குகிறவர்கள் இந்தக் கொடியையெல்லாம் பிடுங்கிவிட்டு விடுதி கட்டினாலும் கட்டலாம் என்று உற்சாகமாகச் சொன்னார். இவர் தலையாட்டினார். நான் அந்த ஆளுக்குக் காப்பி கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தவருக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்பியது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 6

வியாழக்கிழமை பெருமழை என்று வானிலை அறிக்கை. கீழ்த்தோட்டத்தில் இன்று ருசி பார்த்தேன். கொட்டையில் கசப்பு போய்விட்டது. தோல் மெல்லும்போது கடைசியில் ஒரு வாசனை வருகிறது, அது என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இவர் வழக்கமாக செர்ரி, ஈர மண், பதப்படுத்திய தோல் என்று செருப்புக்கடை மாதிரி அடுக்குவார். எனக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. துப்பாமல் முழுங்கிவிட்டேன்.

மழைக்கு முன்னால் அறுக்க வேண்டும் என்று இவரிடம் சொன்னேன். விற்கப் போகிற தோட்டத்தில் எதற்கு வேலை என்றார்.

ஏப்ரல் 7

விடிந்ததும் கத்தரியும் கூடையும் எடுத்துக்கொண்டு தனியாகவே போய்விட்டேன். எட்டு மணி இருக்கும், இவர் தேடிக்கொண்டு வந்தார். கையில் காப்பி. வரிசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, உனக்கென்ன பைத்தியமா என்றார். இலைக்கு நடுவில் முகம் பாதிதான் தெரிந்தது. முழுசாகத் தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"பொக ஆகாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தீப்பெட்டியக் குடுத்தேன்."

இவர் கோப்பையைத் தரையில் வைத்தார்.

"நானும் கதவுக்கு வெளியதான் நின்னேன் உலகு. இடுக்குல பொக வந்துச்சு. உள்ள வந்து நிப்பாட்டியிருக்கலாம்."

கத்தரி என் கையில் அப்படியே நின்றுவிட்டது. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. இடுப்பு வலி நிஜம்தானாம். அதற்கு மேல் அலுப்பும் நிஜமாம். முதல் வருடமே இது நமக்கு ஆகாது என்று தெரிந்துவிட்டதாம், என்னை இழுத்துக்கொண்டு வந்த பிறகு எந்த முகத்தோடு சொல்வது என்று வாயை மூடிக்கொண்டாராம். ஹோபார்ட் போனது வாஷருக்கு இல்லை. பழைய கம்பெனியின் கிளை அங்கே இருக்கிறது, அதில் நேர்முகம். மெல்பர்னில் வேலை கிடைத்துவிட்டது. இந்த மாசக் கடைசியில் சேர வேண்டும். ஒயின் கெட்டுப்போனால் ஒப்பந்தப்படி போய்விடலாம், தன் மானமும் தப்பும் என்று காத்திருந்தாராம்.

ஆக, புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரே சட்டிப் புகையை நம்பி ஆளுக்கொரு பக்கம் நின்றிருக்கிறோம். ஊரிலிருந்து ஒரு மனுஷி கும்பிட வந்தார்கள், அவர்கள் கையால் காரியத்தை முடித்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு ஆத்திரம் வந்தது. இரண்டையும் அடக்கவில்லை.

இவர் எல்லாம் தீர்ந்துவிட்டது என்ற தோரணையில், அப்புறம் என்ன, பேசினது பேசினபடி சேர்ந்தே போவோம் என்றார். நான் அடுத்த குலையை நறுக்கிக் கூடையில் போட்டேன்.

"நீங்க போங்க. நான் வரல."

"தோத்தா விக்கணும்னு நாமதான பேசுனோம்?"

"தோத்தது நீங்க. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

எனக்கு இந்த இடம் பிடித்துவிட்டது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, மூன்று வருடமாகத் திட்டிய வாய், இந்த நோட்டு முழுக்கத் திட்டி எழுதிய கை. எப்போது பிடித்தது என்று தெரியவில்லை. குளிர் பிடிக்கவில்லை, காற்று பிடிக்கவில்லை, தண்ணீர்க் குழாய் உறைவது பிடிக்கவில்லை. ஆனால் அந்தத் தரகர் பிடுங்கிவிடலாம் என்று சொன்னபோது அந்த ஆளை வாசலுக்கு வெளியே தள்ளிவிடலாம் போல இருந்தது. மேல்தோட்டத்துப் பழத்தை நான் கெடுத்தேன்.

ஏப்ரல் 8

ராத்திரியே மதினியிடம் உண்மையைச் சொன்னேன். தெரிந்தேதான் அவர்கள் கையில் தீப்பெட்டி கொடுத்தேன் என்று சொன்னேன். அவர்கள் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

காலையில் இவருடைய ஜெர்கினும் என் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

"சாமி காரியத்துல வெளையாடுனதுக்கு நீ நல்லா அனுபவிப்பட்டி. அத அப்பறம் பாப்போம். மழ வருதுல்லா, கத்திரிய எடு."

ப்ரெண்டா ஆட்களோடு வந்தாள். இவரும் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு வந்து கூடை தூக்கினார், யாரும் கூப்பிடவில்லை. கடைசி வரிசையில் இருக்கும்போது முதல் துளி விழுந்தது. தரகருக்குப் போன் போட்டு, வராதீர்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் ஏன் என்று கேட்டார். இன்னும் பழுக்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 12

மதினி ஊருக்குப் போய்விட்டார்கள். கீழ்த்தோட்டத்துத் தொட்டிகளை வெறும் கையால் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஏப்ரல் 19

மழை இல்லை. குளிர் உண்டு.

காலையில் இவரை விமான நிலையத்தில் விட்டேன். ஒரு மணி நேரப் பயணம்தான், மாசத்துக்கு இரண்டு சனிக்கிழமை வருவார். போகிற வழியில் பம்பின் வால்வை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதை மட்டும் நாலு தடவை சொன்னார். பையைத் தூக்கிக் கொடுத்தேன். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார், பார்க்கச் சந்தோஷமாகவும் கோபமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து நேராகக் கொட்டகைக்குப் போய் அமுக்க ஆரம்பித்தேன். இரண்டாவது தொட்டியில் இருக்கும்போது அழுகை வந்தது. நிறுத்தவும் முடியாது, கட்டையை எடுத்தால் தோல் மேலே வந்துவிடும். அழுதுகொண்டே அமுக்கினேன். அப்போது போன் அடித்தது. விமானம் ஏறுவதற்கு வரிசையில் நிற்கிறாராம்.

"நீ ஒரு வார்த்த இருங்கன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பேன் உலகு."

"தெரியும். அதான் சொல்லல."

பிறகு யாரோ பயணச்சீட்டு கேட்கிற குரல் வந்தது, வைத்துவிட்டார். மூன்றாவது தொட்டி பாக்கி இருந்தது.